கருத்தடை மாத்திரை எதை நிறுத்துகிறது, அதை யார் நிறுத்தலாம்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கப்படும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். கருத்தடை மருந்து இருப்பது 21 மாத்திரைகளில்தான். மீதி ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள். மருந்துள்ள ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினில் எஸ்ட்ரடியால் 0.03 மில்லிகிராம். ஒரு மாதத்துக்கான ஹார்மோன் முழுவதையும் கூட்டினால்கூட 4 மில்லிகிராம் வராது. ஓர் அரிசி மணி அதைவிடக் கனம்.

இவ்வளவு சிறிய பொருளைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டை நடக்கிறது. வாத்திகன் எழுதியிருக்கிறது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, ஐதராபாத் பெண்கள் டெல்லிவரை வழக்குக்குப் போயிருக்கிறார்கள். நம் வீடுகளிலோ ‘கருப்பை சுருங்கிடும்’, ‘அப்புறம் பிள்ளையே பிறக்காது’, ‘இது கருவைக் கலைக்கிற மாத்திரை’ என்று பேச்சு ஓடும். இவற்றில் சிலவற்றுக்கு ஆதாரமே கிடையாது. சில நேர்மையான அறக் கேள்விகள். எது எது என்று பிரித்துப் பார்க்க, மருந்து உடலுக்குள் எந்த இடத்தில் கை வைக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

மருந்து கை வைக்கும் இடம்

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், சுமார் ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிட்யூட்டரி சுரப்பிக்கு ஒரு தட்டுத் தட்டுகிறது. தட்டு விழுந்ததும் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். எஃப்.எஸ்.எச். சினைப்பைக்குப் போய், முட்டை இருக்கும் சிறு பைகளை வளர்க்கும். பல பைகள் கிளம்பினாலும் பெரும்பாலும் ஒன்றுதான் 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து நிற்கும். அந்தப் பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இரண்டு நாள் அளவுக்கு உச்சத்தில் இருந்தால், பிட்யூட்டரி எல்.எச்.சை ஒரேயடியாகக் கொட்டும். அதிலிருந்து சுமார் ஒன்றரை நாளில் பை வெடித்து முட்டை வெளியே வரும். முட்டையின் ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு ஐந்து நாள்வரை உள்ளே உயிரோடு காத்திருக்கும்.

முட்டை போன பிறகு அந்த வெற்றுப் பையே புரோஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்குகிறது. இந்த ஹார்மோன் மூன்று வேலை செய்கிறது: கருப்பையின் உட்சுவரைப் பக்குவப்படுத்துகிறது, கருப்பை வாயின் சளியைக் கெட்டியாக்குகிறது, ‘இப்போதைக்கு இன்னொரு முட்டை வேண்டாம்’ என்று மூளைக்குச் சொல்கிறது. கருத்தடை ஹார்மோன்கள் எல்லாமே இந்த மூன்றாவது செய்தியைக் கடன் வாங்கியவை. மாத்திரை உடலைக் ‘கர்ப்பமாக இருப்பதாக நம்ப வைக்கிறது’ என்று பலரும் சொல்வார்கள். மாதச் சுழற்சியின் பின்பாதியை நீட்டி வைக்கிறது என்பதே இன்னும் சரி.

மாத்திரையில் இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின், அதாவது செயற்கைப் புரோஜெஸ்டிரோன், அந்தத் தட்டுகளின் வேகத்தைக் குறைக்கிறது, எல்.எச். கொட்டாது, முட்டை வெளியே வராது. கூட இருக்கும் எத்தினில் எஸ்ட்ரடியால் என்ற ஈஸ்ட்ரோஜன் எஃப்.எஸ்.எச்.சை அடக்கிப் பைகளை வளரவிடாமல் வைக்கிறது. உட்சுவர் நடுநடுவே கசியாமலும் பார்த்துக்கொள்கிறது. முட்டை தப்பித் தவறி வந்தாலும், கெட்டியான சளியைத் தாண்டி விந்தணு ஏற வேண்டும். உட்சுவர் மெலிவதும் நடக்கிறது. இந்தக் கடைசி விஷயம்தான் மதவாதிகளின் சண்டைக்கு மையம். அதைப் பிறகு பார்ப்போம்.

அட்டையின் கணக்கைப் புரிந்துகொண்டால் மாத்திரை எப்போது தோற்கும் என்பது தானாகப் புரியும். சினைப்பையைத் தூங்க வைக்கத் தொடர்ந்து ஏழு நாள் மருந்து வேண்டும். அடுத்த 14 நாள் மருந்து அந்தத் தூக்கத்தைக் காக்கிறது. பிறகு வரும் ஏழு நாள் இடைவெளியில் பிட்யூட்டரி கண் விழிக்கிறது, எஃப்.எஸ்.எச். ஏறுகிறது, பைகள் வளரத் தொடங்குகின்றன. ஏழு நாள் என்பது கடைசி எல்லை. எட்டாம் நாள் புது அட்டையின் முதல் மாத்திரை உள்ளே போயாக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறந்தவர்கள் பதறுவார்கள். அதனால் ஒரு கேடும் இல்லை. புது அட்டை வாங்க இரண்டு நாள் தாமதமானவர்கள் பதறவே மாட்டார்கள். கர்ப்பத்துக்கு வழிவிடுவது இந்த இரண்டாவது தவறுதான்.

நடுவில் ஒன்று மறந்தால், நினைவு வந்தவுடன் விழுங்கிவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுத்தால் போதும். ஒரே நாளில் இரண்டு விழுங்கினாலும் பயமில்லை. மறந்த மாத்திரையை விழுங்க வேண்டிய நேரம் தாண்டி 48 மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால், உடனே ஒன்று எடுத்து, தொடர்ந்து ஏழு நாள் மருந்து உள்ளே போகும்வரை ஆணுறையும் வேண்டும். அந்த மறதி மூன்றாம் வாரத்தில் நடந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புது அட்டையைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் மறந்த நாளும் இடைவெளி நாளும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிடும். விழுங்கி மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது விழுங்காத கணக்கு.

காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு, ஹார்மோனை நேரத்துக்கு முன்பே சிதைத்துவிடும். வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமசெப்பின், பீனோபார்பிடால் ஆகியவையும் இதையே செய்யும். நம் ஊரில் இந்த மருந்துகள் எடுக்கும் இளம்பெண்கள் ஏராளம். மருந்து எழுதித் தருபவரிடம் கருத்தடை மாத்திரை எடுப்பதைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை, அவரும் கேட்பதில்லை. சளிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கொடுக்கும் சாதாரண ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இந்தக் குணம் கிடையாது.

பிசகாமல் எடுத்தால் ஓராண்டில் நூறு பெண்களில் ஒருவர்கூடக் கருத்தரிப்பது அரிது. நடைமுறையில் மனிதர்கள் எடுக்கும் விதத்தில் ஏழு பேர்வரை கருத்தரிக்கிறார்கள். இந்த இடைவெளிக்குக் காரணம் பெரும்பாலும் மறதியும் தாமதமும்தான்.

ரத்தக்கட்டு பற்றிய பயத்தில் உண்மை இருக்கிறது. அளவைச் சொல்ல வேண்டும். மாத்திரை எடுக்காத பத்தாயிரம் பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு நாளத்தில் ரத்தம் கட்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை எடுப்பவர்களில் அது 3 முதல் 9. கர்ப்ப காலத்தில் 5 முதல் 20, பிரசவத்தை அடுத்த வாரங்களில் அதற்கும் பல மடங்கு மேல். 35 வயது தாண்டியும் புகைப்பவர்கள், கண்முன் மின்னல்போல் தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது. பிரசவமான முதல் ஆறு வாரத்தில் பாலூட்டும் தாய்க்கும் ஆகாது. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீண்ட காலம் எடுப்பவர்களுக்குச் சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் குறைகின்றன; மார்பகப் புற்றுநோய் சற்றே கூடுகிறது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் நியாயம்.

கருப்பை சுருங்கும் என்பதும் மலடாகும் என்பதும் பொய். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் முட்டை வெளிவரத் தொடங்கும்.

ஊசியின் கதை வேறு. அரசு 2017 முதல் ‘அந்தரா’ என்ற பெயரில் கொடுப்பது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிடேட் 150 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நீரில் கரையாத நுண்துகள்களாகத் தசைக்குள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதுதான் இதன் சூட்சுமம். அதனால் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லையென்றால் துகள்கள் அடியிலேயே நின்றுவிடும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடம் கூடாது. தேய்த்தால் மருந்து சீக்கிரம் கரைந்து, மூன்றாம் மாதம் வருவதற்குள் தீர்ந்துபோகலாம். ஊசி போட்ட கையைத் தேய்த்துவிடுவது நம்மிடம் ஊறிய பழக்கம், ஆகவே இதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். மாதவிலக்கு தாறுமாறாகும்; ஓராண்டு போனால் பலருக்கு நின்றே போகும். ரத்தம் உள்ளே தேங்குவதாகப் பயப்பட வேண்டாம், உட்சுவர் மெலிந்ததால் கழிய ஒன்றுமில்லை, அவ்வளவுதான். எலும்பின் அடர்த்தி குறைவது உண்மை. அதற்காக அமெரிக்காவில் 2004-ல் பெட்டி மேலேயே எச்சரிக்கை அச்சிட வைத்தார்கள். நிறுத்திய பிறகு பெரும்பகுதி எலும்பு மீள்கிறது. கருத்தரிக்கும் திறன் திரும்பக் கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதம் ஆகும்.

மாத்திரை பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே நிறுத்தலாம். உள்ளே போன ஊசியை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. தோலுக்கடியில் வைக்கும் குச்சியை எடுக்கலாம், அதற்கு இன்னொருவர் கையும் கத்தியும் சம்மதமும் வேண்டும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவைக் கலைக்கிறதா?

கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்பு மிகவும் தெளிவானது. 1968 ஜூலை 25 தேதியிட்ட சுற்றுமடலில் போப் ஆறாம் பவுல், தாம்பத்தியத்தின் இணைப்பையும் இனவிருத்தியையும் மனிதன் தன் விருப்பத்துக்குப் பிரிக்கக் கூடாது என்றார். அதற்கு முன் அவரது ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மை மாத்திரையை ஏற்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது, அவர் ஏற்கவில்லை. நோய்க்காக அதே ஹார்மோனை எடுப்பதை அந்த மடல் தடுக்கவில்லை, வளமற்ற நாட்களைப் பார்த்துச் சேர்வதையும் தடுக்கவில்லை. மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ராக் தினமும் பூசைக்குப் போன கத்தோலிக்கர். இயற்கையாகவே உள்ள வளமற்ற காலத்தைத்தானே மாத்திரை நீட்டுகிறது, இதில் என்ன பாவம் என்று அவர் வாதாடினார். உடலியல்படி அவர் சொன்னது சரி. ஆனால் திருச்சபையின் கேள்வி நோக்கத்தைப் பற்றியது; அதற்கு உடலியலில் விடை இல்லை. ஆங்கிலிக்கத் திருச்சபையோ 1930-லேயே லாம்பெத் மாநாட்டில் கருத்தடைக்குக் கதவைச் சற்றுத் திறந்துவிட்டது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலர், வெளியே விந்து விடுவதற்கு மரபில் உள்ள அனுமதியை வைத்து, கணவன் மனைவி இருவரும் சம்மதித்தால் தற்காலிகக் கருத்தடையை ஏற்கிறார்கள்.

இரண்டாவது எதிர்ப்பு உடலியலைச் சார்ந்தே நிற்கிறது: மெலிந்த உட்சுவரில் கரு ஒட்டாமல் போனால் அது கொலையாகாதா? உயிர் கருவுற்ற கணத்திலிருந்து தொடங்குகிறது என்று நம்புகிறவருக்கு இது நியாயமான கேள்வி. மருத்துவம் கர்ப்பத்தைக் கரு கருப்பையில் பதிந்ததிலிருந்து கணக்கிடுகிறது என்று பதில் சொல்வது, வார்த்தையை மாற்றிக் கேள்வியைத் தட்டிக் கழிப்பதாகும். நேரான பதில் ஆய்வில் இருக்கிறது. அவசரக் கருத்தடை மாத்திரை, அதாவது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது. சிலியிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆய்வாளர்கள், மாத்திரை எடுத்த பெண்களின் முட்டை வெளிவந்த நாளைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். முட்டை வெளிவருமுன் எடுத்தவர்களுக்கு மருந்து பலித்தது. வெளிவந்த பிறகு எடுத்தவர்கள், மாத்திரையே எடுக்காதவர்கள் அளவுக்குக் கருத்தரித்தார்கள். பதிவதைத் தடுக்கும் ஆற்றல் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மாத்திரையின் விவரத்தாளை இதன்படி திருத்தியது. அதற்கு எட்டாண்டு முன்பு, 2014-ல், ஹாபி லாபி என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் இதே அச்சத்தை முன்வைத்து, ஊழியர்களின் காப்பீட்டில் இத்தகைய கருத்தடைக்குப் பணம் தர மாட்டோம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றிருந்தது.

தினசரி மாத்திரையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. முட்டை எப்போதாவது தப்பி வந்து, சளியையும் தாண்டிக் கருவுற்று, உட்சுவரால் மட்டும் தடைபடுகிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. ஒருபோதும் நடக்காது என்று நிரூபிக்கவும் வழியில்லை. அதுவே மனதை உறுத்துமானால் வேறு முறையைத் தேர்வது அவரவர் உரிமை. பிறரைத் தடுக்க இது போதாது. தமிழ்நாட்டில் அவசர மாத்திரைக்குச் சட்டத் தடை இல்லை. இருந்தும் பல மருந்துக்கடைகளில் கேட்டால் இல்லை என்பார்கள். மணிக்கணக்கில் பலன் குறையும் மருந்து அது. மூன்று கடை ஏறி இறங்கும் நேரத்தில் முட்டை வெளியே வந்துவிடலாம்.

காந்தியின் எதிர்ப்பு வேறு தளத்தில் இருந்தது. 1935 டிசம்பரில் அமெரிக்கக் கருத்தடைப் பிரசாரகர் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து பேசியபோதும் அவர் செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை. புலனடக்கமே வழி என்றார். பெரியாரோ, உடல்நலத்துக்கும் மக்கள்தொகைக்குமாகக் கருத்தடை பேசுபவர்களிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு, பெண் சுதந்திரமாக இருக்கவே கர்ப்பத்தடை வேண்டும் என்று எழுதினார். மாத்திரை பிறப்பதற்குப் பல ஆண்டு முன்பு எழுதியது அது. யாருக்காகக் கருத்தடை என்ற அவர் கேள்விதான் பின்னால் வந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் கேள்வி.

யாரிடம் கேட்டார்கள்?

1956-ல் போர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியெத்ராஸ் குடியிருப்பில் மாத்திரையின் முதல் பெரிய கள ஆய்வு தொடங்கியது. அங்கே கொடுத்த எனோவிட் மாத்திரை ஒன்றில் நோரெத்தினோட்ரல் 9.85 மில்லிகிராமும் மெஸ்ட்ரனால் 0.15 மில்லிகிராமும் இருந்தன. எடைக் கணக்கில், அந்த ஒற்றை மாத்திரை மாலா-என் அட்டைகள் இரண்டரைக்கும் சற்று மேல். அது கருத்தடைக்கான மாத்திரை என்று பெண்களுக்குத் தெரியும். தாங்கள் ஒரு சோதனையில் இருப்பது தெரியாது. ஆய்வை நடத்திய டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவீதப் பெண்கள் தலைசுற்றல், குமட்டல், தலைவலி என்று அவதிப்பட்டதை எழுதி, இது பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்றார். பாஸ்டனில் இருந்த, மாத்திரையை உருவாக்கியவர்கள் அந்தப் புகார்களைப் பெரிதாக எடுக்கவில்லை. 1960-ல் அமெரிக்காவில் கருத்தடைக்கு அனுமதி கிடைத்தது. 1970 ஜனவரியில் மாத்திரையின் பாதுகாப்பு பற்றிச் செனட்டர் கேலார்ட் நெல்சன் நடத்திய விசாரணையில், மாத்திரை எடுத்த ஒரு பெண்ணைக்கூடச் சாட்சிக்கு அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்கள் எழுந்து கூச்சலிட்டார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் இன்று மடித்து வைத்திருக்கும் எச்சரிக்கைத் தாள் அந்தப் போராட்டத்தில் கிடைத்தது. அந்தத் தாளைப் பிரித்துப் படியுங்கள்.

இந்தியாவில் இந்தக் கேள்வி நோரெதிஸ்டிரோன் என்ற புரோஜெஸ்டின் மருந்தை ஒட்டி வந்தது. இதே மருந்தின் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் பெண்கள் வாங்குகிறார்கள். மூன்று நாள் முன்பிருந்து நாளுக்கு மூன்று வேளை எடுப்பார்கள், நிறுத்தி இரண்டு மூன்று நாளில் விலக்கு வரும். இப்படி எடுப்பதைக் கருத்தடையாக நம்பக் கூடாது. அந்த மருந்தில் ஒரு பகுதி உடலுக்குள் எத்தினில் எஸ்ட்ரடியாலாக மாறுவதால், ரத்தக்கட்டு வந்தவர்கள் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது ஆபத்து.

இதன் ஊசி வடிவம் நெட்-என், 200 மில்லிகிராம். 1985-ல் ஐதராபாத் அருகே படான்செருவில் ஒரு முகாமுக்கு ஏழைப் பெண்களை அழைத்து வந்தார்கள். கர்ப்பத்தைத் தடுக்கும் ஊசி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். இது சோதனை என்றும் என்னென்ன பக்கவிளைவு வரலாம் என்றும் ஸ்திரீ சக்தி சங்கடனா அமைப்பினர் எடுத்துச் சொன்னதும் பலர் எழுந்து போய்விட்டார்கள். அமைப்பு மற்ற பெண்கள் குழுக்களோடு 1986-ல் உச்ச நீதிமன்றம் சென்றது. 2000-ல், குடும்பநலத் திட்டத்தில் இந்த ஊசியைப் பெருமளவில் பயன்படுத்துவது உகந்ததல்ல என்று அரசே ஒப்புக்கொள்ள வழக்கு முடிந்தது. ஹார்மோன் தீயது என்று அவர்கள் வாதாடவில்லை. பரிசோதனையும் தொடர் கவனிப்பும் இல்லாத ஒரு சுகாதார அமைப்பு, திருப்பி எடுக்க முடியாத மருந்தைக் கேட்காமல் போடக் கூடாது என்றார்கள். எல்லா எதிர்ப்புகளிலும் எனக்கு மறுக்க முடியாததாகப் படுவது இதுதான்.

குச்சி வடிவில் வந்த நார்பிளாண்ட் இதை இன்னும் வெளிச்சமாக்கியது. அமெரிக்காவில் 1990 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அடுத்த மாதமே கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி, குற்றவாளியான ஒரு தாய்க்கு அதைப் பொருத்திக்கொள்வதை நன்னடத்தை விடுப்புக்கு நிபந்தனையாக விதித்தார். பங்களாதேஷில் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சிய பெண்களைத் திருப்பி அனுப்பியதை அங்குள்ள பெண்கள் அமைப்புகள் பதிவு செய்தன. கருவியில் இருந்த வசதியே, பெண்ணின் கை எட்டாது என்பதே, அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு வசதியாகிவிட்டது.

ஏன் எப்போதும் பெண்ணின் உடல் என்ற கேள்விக்கு நெட்-என் மருந்தே ஒரு விடையும் வைத்திருக்கிறது. அதே 200 மில்லிகிராமோடு டெஸ்டோஸ்டிரோன் 1000 மில்லிகிராம் சேர்த்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆண்களுக்குப் போட்டு, உலக சுகாதார அமைப்பின் ஆதரவோடு 320 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. விந்தணு குறைந்தது, கருத்தடை பலித்தது. மனச்சோர்வு போன்ற விளைவுகளைக் கண்டு ஒரு மதிப்பாய்வுக் குழு சொன்னபடி 2011-ல் நிறுத்தினார்கள். அந்தப் புகார்களில் பெரும்பகுதி ஒரே மையத்திலிருந்து வந்தது. பங்கேற்ற ஆண்களில் முக்கால்வாசிக்கு மேல் தொடரத் தயார் என்றார்கள். நிறுத்தியது சரியாகவே இருக்கலாம். ரைஸ்-ரேயின் 17 சதவீதத்துக்கு அந்தக் கவனம் கிடைத்திருந்தால், மாத்திரையின் அளவு இன்னும் முன்பே குறைந்திருக்கலாம்.

இன்று அந்தரா ஊசிக்கு வரும் பெண்ணிடம் செவிலியர் சொல்ல வேண்டியவை ஐந்து நிமிடத்துக்குள் முடியும். இது மூன்று மாதம் உடலில் இருக்கும், நடுவில் எடுக்க முடியாது. விலக்கு ஒழுங்கில்லாமல் போகும், நிற்கவும் செய்யும், அது நோயல்ல. அடுத்த குழந்தை ஓராண்டுக்குள் வேண்டுமென்றால் இது உங்களுக்கு ஏற்றதல்ல. பால்வினை நோயை இது தடுக்காது. தேய்க்கக் கூடாது. மாத்திரை, காப்பர் டி, ஆணுறை, உங்கள் கணவருக்கான சிறு அறுவை, எல்லாமே இங்கே உண்டு; வேண்டாம் என்று சொன்னாலும் வேறு சிகிச்சை எதுவும் நிற்காது. அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுக்கும்போது, இரண்டு வாரம் முன்போ நான்கு வாரம் பின்போ வந்தாலும் போடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேதி தவறிவிட்டதே என்று கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுபவர்கள் நிறையப் பேர்.